எதை விட்டோம் என்பதா, எது நம்மை விடவில்லை என்பதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கிவிட்டால் நாளிதழ்களின் ஆன்மிகப் பக்கத்திலும், திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நிற்பவர்களின் பேச்சிலும் ஒரே கேள்வி வந்துபோகிறது: இந்த ஆண்டு எதை விடப்போகிறீர்கள்? இறைச்சியை விட்டவர், இனிப்பை விட்டவர், புகைப்பதை விட்டவர், கைப்பேசியில் காணொளி பார்ப்பதை விட்டவர் என்று ஆளுக்கொரு பதில் கிடைக்கும். கேள்வியில் பிழையொன்றும் இல்லை. பல ஆண்டுகளாக அதைப் பிறரிடம் கேட்டும், பிறர் கேட்கையில் சற்றுப் பெருமையோடு பதில் சொல்லியும் வந்தவன்தான் நானும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் நிற்கும் பற்றின்மை என்ற பெரிய சொல், ஒருபுறம் உடலைக் கட்டுக்குள் வைக்கும் பயிற்சியாகவும், மறுபுறம் உலகத்தையே வெறுத்து ஒதுக்கும் போக்காகவும் திரிந்து எழுதப்படுவதைத் தொடர்ந்து படித்துவருவதால், இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன். வாசகர் கடிதப் பகுதிக்கு இது நீளம் என்பது தெரியும், பொறுத்தருள வேண்டும்.

முதலில் அந்தச் சொல்லையே பார்க்கலாம். நெருப்பு பற்றுகிறது, கொடி கொழுகொம்பைப் பற்றுகிறது, வீக்கத்தின்மேல் மருந்தைக் குழைத்துப் பற்றுப் போட்டால், காய்ந்தபின் அது தோலையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் உரிந்து வருகிறது. கணக்கெழுதுகிறவர்கள் ஒருவர் பெயரில் பற்று என்று எழுதினால், அவர் வாங்கிக்கொண்டார், இன்னும் தீர்க்கவில்லை என்று பொருள். கிறிஸ்தவத் துறவியர் நூற்றாண்டுக் கணக்கில் பக்கம் பக்கமாக எழுதியதெல்லாம் இந்த ஒரு சொல்லின் புழக்கத்துக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஒன்றை நாம் பற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது நம்மைப் பற்றிக்கொண்டுவிடுகிறது. நம் பெயரில் கடன் ஏறுகிறது. பிரிக்க முயன்றால் தோலும் சேர்ந்து வருகிறது. பற்றின்மை என்றால் கையில் ஒன்றும் இல்லாதிருப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். கை திறந்திருப்பதுதான் அது. அதில் ஏதேனும் இருக்கிறதா, இல்லையா என்பது அடுத்த கேள்வி.

திருச்சபையின் சட்டம் இந்த விஷயத்தில் கேட்பது மிகக் குறைவு. நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலத்தைத் தொடங்கும் திருநீற்றுப் புதன் முதல் பாஸ்காவுக்கு, அதாவது உயிர்ப்புப் பெருவிழாவுக்கு, முந்தைய சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். ஞாயிறு ஆறையும் கழித்தால் நாற்பது. அந்த நாற்பதிலும், 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஒழுங்குமுறையைத் தளர்த்திய பிறகு, கத்தோலிக்கர் அனைவருக்கும் பொதுவாகக் கட்டாயமான நோன்பு நாள்கள் இரண்டே: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். பெரியவர்கள் ஒருசந்தி என்று சொல்லும் அந்த நோன்பு 18 வயது நிறைந்தவர்களுக்குத் தொடங்கி, 60-ஆம் வயது தொடங்கும்போது கடமையாக இருப்பது முடிந்துவிடுகிறது. எனக்கு அந்த வயது எப்போதோ கடந்துவிட்டது. இருந்தும் விடாமல் நோன்பிருக்கிறேன். ஏன் என்று யாராவது நெருக்கிக் கேட்டால் பக்தி என்று சொல்வேன்; அது முழு உண்மையல்ல என்பதைக் கீழே எழுதுகிறேன்.

சட்டம் இவ்வளவு குறைத்துக்கொண்டதைச் சிலர் சோர்வு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 325-ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய, ஆயர்கள் எனப்படும் மறைமாவட்டத் தலைவர்களின் பொதுச்சங்கத்தின் 5-ஆம் விதி, தவக்காலத்தின் நாற்பது நாளைக் குறிப்பிடும் பழைய ஆவணங்களில் ஒன்று. அது நோன்பைப் பற்றியோ உணவைப் பற்றியோ பேசவில்லை. ஓர் ஆயர் தம் சிறுமைக் குணத்தாலோ சச்சரவாலோ யாரையேனும் திருச்சபைக்கு வெளியே நிறுத்திவிட்டாரா என்று விசாரிக்க ஆண்டுக்கு இருமுறை மன்றம் கூட வேண்டும். அவற்றில் ஒன்று நாற்பது நாளுக்கு முன்பே கூட வேண்டும். மனக்கசப்பெல்லாம் நீங்கிய பிறகு கடவுளுக்குத் தூய காணிக்கை செலுத்தப்பட வேண்டும் என்று சொல்கிறது அந்த விதி. அதிகாரம் கையில் உள்ளவர்கள் முதலில் தங்கள் பிடிவாதத்தை இறக்கிவைத்துவிட்டுத் தவக்காலத்துக்குள் நுழையட்டும் என்பதுதான் அதன் கருத்து. அந்த விதியை இந்த ஆண்டு படித்தபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

காரணம் இது. எங்கள் பங்கு ஆலயத்தில் திருப்பலியின்போது வாசகமேடையில் நின்று மறைநூல் வாசிக்கும் பணியை இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செய்துவந்தேன். அந்தப் பணியைச் செய்பவரையும் வாசகர் என்றுதான் சொல்வோம். பெரிய விழாக்களின் முதல் வாசகம் எனக்கு என்பது எழுதப்படாத ஏற்பாடு. இந்த ஆண்டு திருநீற்றுப் புதனுக்கு முந்தைய வாரம், பங்குத்தந்தை என்னை அழைத்து, கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பியின் பெயரைச் சொல்லி, இந்தத் தவக்காலத்தில் அவனுக்கு வாய்ப்புக் கொடுக்கலாமா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். தாராளமாகக் கொடுங்கள், சுவாமி, இளைஞர்கள்தானே வரவேண்டும் என்று உடனே சொன்னேன். சொன்ன வாய்க்கும் நெஞ்சுக்கும் இடையே இருந்த தூரம் அப்போது எனக்கே தெரியவில்லை.

புதன்கிழமை காலையிலிருந்து நோன்பு. தண்ணீர்கூட அளவாகக் குடித்தேன். மாலைத் திருப்பலியில் இடப்பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தொடக்க மன்றாட்டு முடிந்து எல்லோரும் அமர்ந்த அந்த நொடியில், என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டது. வாசிக்க வேண்டியது நான் அல்ல என்பது கண்ணாடிக்குத் தெரியவில்லை. கழற்றினால் பக்கத்தில் இருப்பவர் பார்ப்பார் என்று மாட்டியபடியே இருந்தேன். அந்தத் தம்பி மேடைக்கு ஏறி, நூலில் கிடந்த நாடாவை ஒதுக்கிவிட்டு, இறைவாக்கினர் யோவேல் நூலிலிருந்து வாசிக்கத் தொடங்கினான். திருநீற்றுப் புதனின் முதல் வாசகம் ஆண்டுதோறும் அதுதான், எனக்கு மனப்பாடம். என் உதடு அவனோடு சேர்ந்து அசைந்தது. ஓரிடத்தில் நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தினான். ஒரு சொல்லில் ழகரம் வழுக்கியது. எனக்குள் ஏதோ ஒன்று, வெட்கத்தோடு சொல்கிறேன், மகிழ்ந்தது. அவன் அப்போது வாசித்துக்கொண்டிருந்த வரி, உடைகளைக் கிழித்துக்கொள்ளாதீர்கள், இதயத்தைக் கிழித்துக்கொள்ளுங்கள் என்பது.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. நெற்றியில் சாம்பலோடு வெளியே வந்து, இரண்டு நண்பர்களிடம், உச்சரிப்புப் பயிற்சி இல்லாமல் பிள்ளைகளை மேடையேற்றுவது சரியில்லை என்று பொதுநலன்போல் பேசிவிட்டு வீடு திரும்பினேன். காலை முதல் உணவைத் தொடாத வாய் அது. மறுநாள் காலையில்தான் நடந்ததன் உருவம் எனக்குப் புலப்பட்டது. இந்த ஆண்டுக்கு நான் விடுவதாக முடிவு செய்திருந்தது சர்க்கரை. சர்க்கரை என்னை எப்போதும் பிடித்திருந்ததில்லை. அதனால்தான் அதை விடுவது அவ்வளவு எளிதாக இருந்தது.

விருப்பமில்லாத ஒன்றை விட்டுவிட்டு, விருப்பமானதைத் தொடாமல் காப்பாற்றிக்கொள்ளும் இந்தச் சாமர்த்தியம் புதிதல்ல. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தின் பாலைநிலத் துறவியரிடையே வாழ்ந்து, அவர்களின் பேச்சைப் பின்னர் எழுதிவைத்த யோவான் காசியான், இதை நேரில் பார்த்தவர்போலச் சொல்கிறார்: பொன்னும் வெள்ளியும் நிலபுலன்களும் துச்சமென்று உதறிவிட்டுப் பாலைவனம் வந்தவர்களில் சிலர், பிறகு ஒரு சிறு கத்திக்காக, ஓர் எழுதுகோலுக்காக, ஓர் ஊசிக்காகக் கொதித்தெழுகிறார்கள், தங்கள் ஏட்டை மற்றவர் தொடவும் படிக்கவும் விடாமல் இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். பெருஞ்செல்வத்தில் இருந்த பற்று அழியவில்லை, சின்னப் பொருளுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. காசியானின் வழிவந்த ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) ஆறாம் நூற்றாண்டில் தம் மடத்துக்கு விதி எழுதியபோது, துறவி எதையும் தன்னுடையது என்று வைத்துக்கொள்ளக்கூடாது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல், ஏடு, எழுதுபலகை, எழுதுகோல் என்று பொருள்களைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். மனித மனம் எந்தச் சந்தில் நுழையும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதே விதியின் 49-ஆம் இயல் தவக்காலத்தைப் பற்றியது. துறவியின் வாழ்வு முழுவதுமே தவக்காலம்போல் இருக்க வேண்டும், ஆனால் அதற்கான வலிமை பலருக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டு தொடங்குகிறார். இந்த நாள்களில் ஒவ்வொருவரும் உணவிலோ, உறக்கத்திலோ, பேச்சிலோ தம் விருப்பத்தால் எதையேனும் கூடுதலாகக் குறைத்துக்கொள்ளட்டும் என்கிறார். அதன்பின் ஒரு நிபந்தனை வைக்கிறார்: எதைச் செய்யப் போகிறோம் என்பதை மடத்துத் தலைவரிடம் முன்னதாகச் சொல்லி, அவர் இசைவோடுதான் செய்ய வேண்டும், இசைவின்றிச் செய்வது தகுதியாக அல்ல, செருக்காகவும் வீண்பெருமையாகவும் எண்ணப்படும். இளவயதில் இதைப் படித்தபோது, ஒருவன் சாப்பிடாமல் இருப்பதற்குக்கூட அனுமதி வேண்டுமா என்று எரிச்சலடைந்திருக்கிறேன். இப்போது புரிகிறது. எதை விடுவது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையே கையில் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். மற்ற எல்லாவற்றையும் விட்டாலும், எனக்கு நானே விதித்துக்கொண்ட நோன்பு என்ற பெருமிதம் விடாது. சட்டம் கேட்காத வயதில் நான் நோன்பிருப்பதில் பக்தியும் உண்டு. இந்த வயதிலும் இருக்கிறாரே என்ற சொல் காதில் விழுவதும் உண்டு. திருநீற்றுப் புதனன்று வாசிக்கப்படும் மத்தேயு நற்செய்திப் பகுதி, அறம் செய்வது, இறைவேண்டல் செய்வது, நோன்பிருப்பது என்று மூன்றையும் சொல்லி, மூன்றிலும் பிறர் பார்க்கவென்று செய்கிறவர்கள் தங்கள் கைம்மாறை ஏற்கெனவே பெற்றுவிட்டார்கள் என்று முடிக்கிறது. தலைக்கு எண்ணெய் தேய்த்து முகத்தைக் கழுவிக்கொள் என்று அதில் வருகிறது. அதைக் கேட்டுவிட்டுச் சாம்பலை நெற்றியில் பூசிக்கொண்டு வெளியே நடப்பதில் உள்ள முரண் எனக்கு ஒவ்வோர் ஆண்டும் சிரிப்பை வரவழைக்கும். இந்த ஆண்டு வரவில்லை.

ஏடுகளைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காசியானுக்கு மூத்தவரான பாலைநிலத் துறவி எவாக்ரியுஸ் குறித்துவைத்திருக்கும் நிகழ்ச்சி அது. ஒரு துறவியிடம் இருந்த ஒரே உடைமை ஒரு நற்செய்தி ஏடு. அதையும் விற்றுப் பசித்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார். உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்று எனக்குச் சொன்ன அந்தச் சொல்லையே விற்றுவிட்டேன் என்றாராம். அச்சு இல்லாத காலத்தில் ஓர் ஏட்டின் மதிப்பை நினைத்துப் பாருங்கள். பக்திக்குரிய பொருளே பற்றுக்குரிய பொருளாகிவிடும் என்பதை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நானோ அந்த ஏடு வைக்கப்பட்டிருக்கும் மேடையையே என் பெயருக்குப் பட்டா போட்டுவைத்திருந்தேன்.

இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள் என்ற நூல் 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலோடு அச்சானது. அதில் அவர் தரும் ஒரு சிந்தனை இந்த இடத்துக்கு மிகப் பொருந்தும். மூன்று வகை மனிதர்கள். ஒவ்வொருவருக்கும் 10,000 பொற்காசு கிடைத்திருக்கிறது. கிடைத்த வழி முற்றிலும் கடவுள் அன்பினால் ஆனதல்ல என்ற உறுத்தல் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. முதல் வகையினர் அந்தப் பணத்தின்மேல் உள்ள பற்றை நீக்கிக்கொள்ள விரும்புகிறார்கள். ஆனால் சாகும்வரை அதற்கான எந்த வழியையும் எடுப்பதில்லை. இரண்டாம் வகையினர் பற்றையும் நீக்க வேண்டும், பணமும் கையில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அதாவது அவர்கள் நிற்கும் இடத்துக்குக் கடவுள் வந்துவிட வேண்டும். மூன்றாம் வகையினர், வைத்திருக்க வேண்டும் என்ற விருப்பமும் விட்டுவிட வேண்டும் என்ற விருப்பமும் இரண்டுமே இல்லாமல், கடவுளுக்கு எது உகந்ததோ அதற்காகக் காத்திருக்கிறார்கள். மூன்றாம் வகையினரைப் பற்றிப் பேசும்போது, பணத்தைக் கொடுத்துவிட்டவர்கள் என்று இஞ்ஞாசியார் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொடுக்கவும் தயார், வைத்திருக்கவும் தயார் என்ற நிலைதான் அவர் தேடியது. உடல்நலமா நோயா, செல்வமா வறுமையா, மதிப்பா அவமதிப்பா, நீண்ட ஆயுளா குறுகிய ஆயுளா என்று எதன் பக்கமும் முன்கூட்டியே சாயாமல், நம்மைப் படைத்த நோக்கத்துக்கு எது உதவுகிறதோ அதை அந்த அளவுக்குப் பயன்படுத்திக்கொள்வது என்று அதே நூலின் தொடக்கத்தில் சொல்லியிருக்கிறார். நம்மில் பெரும்பாலோர் இரண்டாம் வகை. பங்குத்தந்தையிடம் தாராளமாகக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் எந்த வகை என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

இந்தச் சாயாத நிலையை, எதன்மேலும் அக்கறை இல்லாத மரத்த நிலை என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தவக்காலத்தைக் குறை கூறி எழுதுகிறவர்களில் நேர்மையானவர்களின் வருத்தமும் இதுதான்: பற்றறுத்தல் என்ற பெயரில் மனைவி மக்களிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் ஒட்டாமல் போகச் சொல்கிறீர்களா என்று கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்வி. ஆனால் நற்செய்திகளில் வரும் இயேசு அப்படி மரத்துப்போனவர் அல்லர். நண்பர் இலாசர் இறந்தபோது கண்ணீர் விட்டார். கைதாவதற்குமுன் கெத்சமனித் தோட்டத்தில், இந்தத் துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலட்டும் என்று கேட்டார்; கேட்டபிறகு, என் விருப்பப்படி அல்ல, உம் விருப்பப்படியே என்றார். விருப்பம் இருந்தது, வலி இருந்தது. இரண்டும் அவரை ஆளவில்லை. கடவுளுக்குக் காணிக்கையாக்கிவிட்டேன், கொர்பான் என்று சொல்லித் தாய் தந்தைக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் தப்பித்துக்கொண்டவர்களை மாற்கு நற்செய்தியின் 7-ஆம் இயலில் அவர் கண்டித்த அளவுக்கு வேறு சிலவற்றைத்தான் கண்டித்திருக்கிறார். வீட்டில் படுத்திருக்கும் தாயின் அருகே ஒரு மணிநேரம் உட்கார நேரமில்லாமல், வெள்ளிதோறும் சிலுவைப்பாதை வழிபாட்டுக்கு முதல் ஆளாக ஓடுகிறவர், தாயிடம் பற்று இல்லாதவர் அல்லர். சிலுவைப்பாதையில் தமக்குக் கிடைக்கும் மனநிறைவின்மேல் பற்றுள்ளவர்.

இல்லாதவனிடம் போய்ப் பற்றை விடு என்று போதிப்பதும் அப்படித்தான். வேலை பறிபோனவனின் பட்டினி நோன்பாகிவிடாது. அதை நோன்பென்று அழகுபடுத்துவது பாவம் என்றே சொல்வேன். கொடுமையின் கட்டுகளை அவிழ்ப்பதும், ஒடுக்கப்பட்டோரை விடுவிப்பதும், பசித்தவனோடு உணவைப் பகிர்வதும்தான் தாம் தேர்ந்துகொண்ட நோன்பு என்று கடவுள் கூறுவதாக எசாயா நூலின் 58-ஆம் இயல் சொல்கிறது. திருநீற்றுப் புதனை அடுத்த வெள்ளி, சனி இரு நாளும் கத்தோலிக்க ஆலயங்களில் அந்த இயலைத்தான் பிரித்து வாசிக்கிறார்கள். நான் தட்டில் குறைத்துக்கொண்டது இன்னொருவர் தட்டுக்குப் போகாமல் என் சேமிப்புக் கணக்குக்குப் போனால் அது சிக்கனம். சிக்கனமும் நல்லதுதான், அதற்குச் சாம்பல் தேவையில்லை.

விடுதலை என்ற சொல்லுக்கு வருகிறேன். கிறிஸ்து நம்மை விடுவித்தது நாம் உண்மையிலேயே விடுதலை பெற்றவர்களாய் இருப்பதற்காகத்தான், மறுபடியும் அடிமை நுகத்தில் சிக்காதீர்கள் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதுகிறார். மறுபடியும் என்ற அந்தச் சொல்லில்தான் செய்தி இருக்கிறது. விடுதலையடைந்தவர்கள் திரும்பிப் போவார்கள் என்பது விவிலியம் முழுவதும் தெரிந்த கதை. எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரயேலர் பாலைநிலத்தில் நின்று அழுதது சாட்டைக்காக அல்ல, அங்கே தின்ற மீனுக்காகவும் வெள்ளரிக்காகவும் வெங்காயத்துக்காகவும் பூண்டுக்காகவும் என்று எண்ணிக்கை நூல் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்கிறது. செலவில்லாமல் தின்றோமே என்கிறார்கள். அடிமையாய்க் கிடந்ததைச் செலவில் சேர்க்க மறந்துவிட்டார்கள். வானத்திலிருந்து வந்த உணவான மன்னாவோ அன்றன்றைக்கு மட்டும். ஓய்வுநாளுக்கு முந்தைய நாள் தவிர மற்ற நாள்களில் மறுநாளைக்கென்று எடுத்துவைத்ததில் புழு வைத்து நாற்றமடித்தது. அவர்கள் நாற்பது ஆண்டு கற்றுக்கொண்டதும், நாம் நாற்பது நாள் கற்றுக்கொள்ளப் பார்ப்பதும் ஒரே பாடம்தான்: நாளைக்கும் கிடைக்கும் என்று நம்பி இன்றிரவு கையை விரித்து உறங்குவது. சொல்லும்போது எளிதாக இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கிற எனக்கு அது கைவந்துவிட்டது என்று தயவுசெய்து எண்ண வேண்டாம்.

பறவையைக் கட்டியிருப்பது மெல்லிய நூலா, தடித்த கயிறா என்பது பொருட்டல்ல, அறுக்காதவரை அது பறக்கப்போவதில்லை என்று ஸ்பானியத் துறவியும் கவிஞருமான சிலுவை அருளப்பர் எழுதியிருக்கிறார். மெல்லிய நூல் அறுக்க எளிது என்பது உண்மைதான், ஆனால் எளிதென்றாலும் அறுக்க வேண்டுமல்லவா என்பது அவர் கேட்கும் கேள்வி. எழுத்தறையில் உட்கார்ந்து யோசித்த உவமையாக இது இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஒட்டியிருக்காது. 1577 டிசம்பரில் அவரைப் பிடித்துச் சென்று தொலேதோ நகர மடத்தில் ஒரு குறுகலான அறையில் அடைத்தவர்கள் அவருடைய சொந்தச் சபைத் துறவியரே, அவர் முன்னின்று நடத்திய சபைச் சீர்திருத்தம் பிடிக்காதவர்கள். அடுத்த ஆகஸ்டில் தப்பும்வரை ஏறத்தாழ ஒன்பது மாதம் அங்கே கிடந்தார். அவருடைய மிகச் சிறந்த கவிதைகளில் சில அந்த இருட்டில் பிறந்தவை. அடைத்துவைத்தவர்களைப் பற்றி அவர் பின்னாளில் கசப்போடு பேசியதாக நான் எங்கும் படித்ததில்லை. பூட்டிய அறையிலிருந்தவர் விடுதலையைப் பற்றி எழுதினார். கதவெல்லாம் திறந்திருந்த ஆலயத்தில், மூன்றாவது வரிசையில், ஒரு நூலால் கட்டுண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

தவக்காலத்தின் பாதியைக் கடந்துவிட்டோம். சர்க்கரையை மறுபடியும் போட்டுக்கொள்ளத் தொடங்கிவிட்டேன் என்று சொன்னால் சிலர் அதிர்ச்சியடையலாம். ஒப்புரவு அருட்சாதனத்தில், அதாவது பாவசங்கீர்த்தனத்தில், நடந்ததை எல்லாம் சொன்னபோது, சர்க்கரை நோன்பை விட்டுவிட்டு நாவை அடக்கும்படி பங்குத்தந்தை சொன்னார். ஆசீர்வாதப்பர் சொன்ன இசைவு இப்படித்தான் எனக்கு வந்து சேர்ந்தது. அன்று வாசலில் என்னோடு நின்ற இரண்டு நண்பர்களிடமும் போய், நான் பேசியது உச்சரிப்பைப் பற்றி அல்ல, பொறாமையால் பேசினேன் என்று சொன்னேன். ஒருவர், அது எங்களுக்கு அன்றைக்கே தெரியும் என்றார். அதைச் சர்க்கரையைவிடப் பத்துமடங்கு கடினமாக விழுங்கினேன்.

சென்ற ஞாயிறு திருப்பலிக்குப் பின் அந்தத் தம்பி என்னிடம் வந்தான். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்புக்கான வாசகர் பட்டியலை ஒட்டியிருக்கிறார்கள். அன்றிரவு பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு வாசகம் உண்டு. நேரமில்லையென்று குறைக்கும் இடங்களிலும் செங்கடலைக் கடந்த வாசகத்தை மட்டும் விடக்கூடாது என்பது விதி. இத்தனை ஆண்டும் அது என்னுடையதாக இருந்தது. இந்த ஆண்டு அவன் பெயர் இருக்கிறது. பட்டியலில் என் பெயர் எங்கும் இல்லை. ஐயா, ஒருமுறை நான் வாசிப்பதைக் கேட்டுத் திருத்த முடியுமா, எங்கே நிறுத்துவது என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை என்றான். வெறும் ஆலயத்தில் அவன் மேடையில் நிற்க, நான் கீழே உட்கார்ந்து கேட்டேன். இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னேன். மூன்றாவது ஓரிடத்தில் நான் வழக்கமாக நிறுத்தும் இடத்தில் அவன் நிறுத்தாமல் கடந்தான். தண்ணீர் இருபுறமும் சுவராக நிற்க மக்கள் நடந்துபோகும் இடம் அது. அவன் வாசித்த விதம் என்னுடையதைவிடப் பொருத்தமாக இருந்தது. அதையும் அவனிடம் சொன்னேன், சொல்லச் சற்று நேரம் எடுத்தாலும்.

திருவிழிப்பன்று கண்ணாடியை எடுத்துப் போவதா, வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதா என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர் மட்டுமாக இப்போதைக்கு இருக்கும் ஒருவர்